நூறு எம்பி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சுவரேறி வந்தது. கோம்பையில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழாசிரியை நாகஜோதி, தன் கூடப்பிறந்த தம்பியைத் தெருவே கேட்கத் திருடன் என்று சொன்ன மாலையில் வந்தது. தம்பி கருத்தக்கண்ணன் வீடுவீடாக இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுப்பவன். எனக்கும் அவன்தான்.

முதல் வரி: மேகமலையில் மேகம் இறங்க, கோம்பையில் வேகம் இறங்க...

[அடித்துவிட்டேன். எதுகை கிடைத்தால் கை சும்மா இருப்பதில்லை.]

2

“ஏலே, நூறு எம்பி வேகம்னு சொல்லித்தானே லைன் மாட்டுன? பன்னெண்டுதான் வருது. கூடப்பொறந்தவகிட்டயேவா திருடுற?”

“இங்கன பாருக்கா. ஸ்பீடு டெஸ்ட் போட்டா நூறு எம்பி காட்டுது.”

“என் போன்ல பாரு. பாட வீடியோ இறங்குது. பன்னெண்டு எம்பி!”

இருவரும் போனை மாறி மாறி நீட்டினார்கள். (இரண்டு போனும் எப்படி உண்மை சொல்ல முடியும்? எனக்கு அரிப்பு எடுத்தது இங்கேதான்.) கண்ணன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டினான். “இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று போய்விட்டான்.

வரும் ஞாயிறு அவள் மகள் கயலுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

3

கண்ணனைச் சந்தேகித்தேன். கதைக்கு ஒரு திருடன் இருந்தால் வசதி. தேடியதில் கிடைத்தது ஓர் எழுத்துதான். லைன் வேகத்தைச் சொல்லும் எம்பியில் ஆங்கிலச் சின்ன பி, அதாவது பிட். வீடியோ இறங்குவதைக் காட்டும் எம்பியில் பெரிய பி, அதாவது பைட். எட்டுச் சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது. நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.* வாயால் சொல்லும்போது இரண்டும் எம்பிதான். கண்ணனுக்கே இது தெரிந்திருக்காது.

* அந்த அரை எங்கே என்று கேட்காதீர்கள். வைஃபையைச் சுவர் கொஞ்சம் தின்கிறது. தெருவே படம் பார்க்கும் நேரத்தில் நாலுக்குக்கூட இறங்கும். ஒரே குழாயில் எல்லா வீடும் குடம் வைத்தால் அப்படித்தான். வீடியோவை அனுப்புகிற கம்ப்யூட்டரும் சில நாள் மந்தம்.

4

சுவருக்கு மேல் எம்பி நின்று இதைச் சொன்னேன். [வேண்டுமென்று எழுதவில்லை; இருக்கட்டும்.] நாகஜோதி மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

“அப்ப அவன் சொன்னதும் நெசந்தானா? எல்லாரும் கேட்டாகளே...”

எனக்கும் பாவமாக இருந்தது. அவள் போனை எடுத்து, மன்னிச்சுக்க என்று அடித்தாள். அழித்தாள். கடைசியில் ஒரே சொல்லை அனுப்பினாள்.

எம்பி.

“பழைய செய்யுள்ல, ‘என் தம்பி’னு அர்த்தம்” என்றாள்.

“அது அவனுக்குத் தெரியுமா?”

“பத்தாவதுல நாந்தான் சொல்லிக்குடுத்தேன். கவனிச்சானோ என்னமோ.”

5

முடிவு ஒன்று: கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு...

முடிவு இரண்டு: ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டா’ என்று கண்ணன்...

இரண்டையும் பாதியில் விட்டேன். டிக் நீலமாகிவிட்டது, பதில் இல்லை. ஞாயிறும் வந்துவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். “மாமா எங்கம்மா?” என்கிறாள் கயல். நாகஜோதி வாசலைப் பார்க்கிறாள்.

நீங்கள் கண்ணனாக இருந்து அந்தச் சொல்லை ஒருமுறை வாசியுங்கள். எந்த அர்த்தம் முதலில் தோன்றுகிறதோ, அதுதான் முடிவு.