கழுத்தில் தொங்கிய பச்சை விளக்கு

இரண்டாம் மாடிக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கம்மாவின் கழுத்தில் தொங்கிய டேக் மறுபடியும் அணைந்துபோனது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, அதற்கொரு பேட்டரி. பச்சை விளக்கு எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறாள், அணைந்தால் ஆப்சென்ட். வேலப்பன்சாவடிக் கல்லூரியில் துப்புரவு வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்ட் கம்பெனி கொடுத்தது.

ஈரக் கையோடு சூப்பர்வைசர் தினகரனிடம் ஓடினாள்.

"பேட்டரி செத்துப்போச்சு. சார்ஜர் ஒயர்ல சொருவுனாதான் எரியும். புதுசு கேட்டுகீறேன், வரல" என்றான்.

"நான் வேலை செய்றத நீயே பாத்துகினுதான கீற நைனா?"

"நான் பாத்து இன்னா ஆவப்போவுது? ஆபீஸ்ல கம்ப்யூட்டரு பாக்குது. இன்னொரு தபா ஆப்சென்ட் வுழுந்தா வேற ஆளப் போடச் சொல்லிட்டாங்க."

துடைப்பம் வைக்கும் அறையில் டேகைச் சார்ஜரில் சொருகியபோது மருமகன் சரண் போன் செய்தான். "அத்தே, பானுக்கு வலி எட்த்துகிச்சு. பூந்தமல்லி ஆஸ்பத்திரில கீறோம். உன்னியேதான் கேட்டுகினு கீது."

தலைப்பிரசவம். அங்கம்மா உடனே போயாக வேண்டும். லீவு கேட்டால் அதுவும் ஆப்சென்ட்தான்.

கூட வேலை செய்யும் முனியம்மா சொன்னாள்: "அது இங்கியே எரிஞ்சிகினு கெடக்கட்டும், நீ போ. அதுக்கு இன்னா தெரியும்? உன் மாடிய நான் பாத்துக்கறேன். சாயந்தரம் மட்டும் வந்துடு. டேகை அவங்கவங்க கையாலதான் திருப்பிக் குடுக்கணும்."

பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறினாள். பிரசவ வார்டில் பானுப்பிரியா அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். "போவாதம்மா." பொழுது சாயும்வரை அங்கம்மா இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சரண் மறுபடி கூப்பிட்டான். பெண் குழந்தை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு விசில் ஊதினார்.

மறுநாள் காலையில் தினகரன் கூப்பிட்டு அனுப்பினான். தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே போனாள். அவன் சிரித்த முகமாக இருந்தான்.

"நேத்துதான்க்கா கரீட்டா இருந்துகீற. ஒரு தபாகூட அணையல. ஆபீஸ்லயே சொன்னாங்க. இனிமே இப்டியே இரு." புது சார்ஜர் ஒன்றை நீட்டினான். நீளமான ஒயர். "எங்க வேலை செஞ்சாலும் அங்கியே பிளக்ல சொருவிக்கோ."

அங்கம்மா நடைபாதைச் சுவரில் சார்ஜரைச் சொருகி, மறுமுனையைக் கழுத்து டேகில் மாட்டினாள். பச்சை எரிந்தது. மாப்பைத் தள்ளிக்கொண்டே போனாள். சேற்றுக் காலடிகள் மாடிப்படி வரை பதிந்திருந்தன. பாதி தூரத்தில் ஒயர் விறைத்துக் கழுத்தைப் பின்னால் இழுத்தது. அவள் அங்கேயே நின்று, குனிந்து, மாப்புக் கட்டையைக் கை நுனிவரை நீட்டினாள்.