இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை

வேலையிலிருந்து வந்த மிர்தே வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெப் அம்மாள் நாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் மாமியாருக்காக வாழ்த்துகள், பொண்ணே! காய்ச்சல் இப்போ எப்படி இருக்கு?"

"காய்ச்சலா? எனக்கா?"

"பின்ன எனக்கா? நேத்து டீனகே வீட்டுல அத்தனை பேரும் வட்டமா உக்காந்திருந்தோம். உங்க ரெண்டு பேரை மட்டும் காணோம். 'மிர்தேவுக்கு நல்ல காய்ச்சல், யுரே கூடவே இருக்கான்'னு டீனகேதான் சொன்னா. காய்ச்சல்காரி பண்ற வேலையா இது? கழுத்துல ஒரு துணி கூட இல்லாம சைக்கிள்ல சுத்திக்கிட்டு!"

மிர்தே தேதியை எண்ணிப் பார்த்தாள். நேற்று மார்ச் பதினாறு. யுரேயின் அம்மா டீனகேவின் பிறந்தநாள்.

"இப்போ... பரவாயில்ல பெப் அம்மா" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. நாய் மட்டும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தது.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் யாரும் பிறந்தநாளுக்கு வீட்டு மனிதர்களை அழைப்பதில்லை. தேதி தெரியும், வேண்டியவர்கள் வருவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காபியும் கேக்கும் கொடுப்பார்கள். பிறந்தநாள்காரரை மட்டுமா, அவருடைய பிள்ளையையும் மருமகளையும் அண்டை வீட்டுக்காரரையும் கூட ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வாழ்த்துவார்கள். வராதவருடைய நாற்காலிக்கு மட்டும் யாரும் கைகொடுப்பதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் மிர்தே யுரேயோடு சேர்ந்து வாழ அவன் வீட்டுக்குக் குடிவந்தபோது, டீனகே கொண்டுவந்த முதல் பரிசு ஒரு பிறந்தநாள் நாள்காட்டி. குடும்பத்தார் பெயர்களையெல்லாம் தன் கையாலேயே எழுதி, அந்த ஊர் வழக்கப்படி கழிவறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி தானே மாட்டிவிட்டுப் போனாள். மிர்தே கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பெயரையும் கணினியில் ஏற்றி, பைத்தான் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் காலை ஏழு மணிக்கு இருவர் போனிலும் செய்தி வந்துவிடும். நாள்காட்டி இழுப்பறைக்குள் போனது. யுரே கதவுக்கு வெள்ளை வண்ணம் அடித்தான்.

அடுத்த முறை வந்த டீனகே கழிவறையிலிருந்து வெளியே வந்து, "கதவு பளிச்சுனு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் வெகுகாலம், மற்றவர்களிடம் பேசும்போது மிர்தே அவளுக்கு 'யுரேகூட இருக்கிற கம்ப்யூட்டர் பொண்ணு'தான்.

ஆனால் நிரல் ஒருவரையும் விடவில்லை. குரோனிங்கனில் இருக்கும் யுரேயின் பெரியப்பாவுக்கு வாழ்த்து அட்டை போனது. சித்தி பேத்திக்குப் பொம்மை போனது. டீனகே கொஞ்சம் கொஞ்சமாக இளகினாள். போன டிசம்பரில் விருந்துக்கு வந்தவர்களிடம், "இது மிர்தே. என் மருமகள்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக மிர்தே அன்று பாத்திரம் கழுவும் சாக்கில் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சொல் இனித் தனக்கு இருக்குமா என்பதுதான் இப்போது அவளுடைய பயம்.

உள்ளே யுரே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"யுரே, நேத்து என்ன தேதி?"

"பதினாறு." கத்தி நின்றது. "ஐயோ, அம்மா!"

"உனக்குமா ஞாபகம் வரல?"

"போன்ல வரலையே!"

"பெத்த அம்மாவோட பிறந்தநாள். அதுவும் போன்லதான் வரணுமா?"

"கண்ணு, 'இனிமே எதையும் தலையில சுமக்க வேணாம்'னு சொன்னது யாரு? நான் சொன்ன பேச்சைக் கேட்டேன். அது ஒரு குத்தமா?"

மிர்தே போய்க் கணினியைத் திறந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, காரணம் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மேக் கணினியில் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றியவள் அவள்தான். இத்தனை வருடங்களாக அந்தக் கணினிக்குள் கூடவே வந்துகொண்டிருந்த பழைய பைத்தான் புதிய பதிப்பில் இல்லை. நிரல் வழக்கமான இடத்தில் போய்த் தேடியிருக்கிறது. கிடைக்காமல் அப்படியே சரிந்துவிட்டது.

கணினி நிறுவனத்தார் இதைத் திடீரென்று செய்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. 'பழையதை எடுக்கப்போகிறார்கள், எல்லாவற்றையும் மாற்றுங்கள்' என்று அலுவலகத்தில் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தவளே அவள்தான். அங்கே எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. வீட்டில் இருந்த இந்தச் சின்ன நிரல் அவள் நினைவுக்கே வரவில்லை. போதாததற்கு, அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் நிரல் வாயைத் திறக்கக் கூடாது. பிறந்தநாள் இல்லாத நாளிலும் அது பேசாமல் இருந்தது. செத்த பிறகும் பேசாமல் இருந்தது.

யுரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "காய்ச்சல்னே வச்சுக்குவோமே. அம்மாவே சொல்லியாச்சு. பெப் அம்மாவும் நம்பியாச்சு."

மிர்தேவுக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"ஊருக்காக அவங்க சொன்ன பொய், யுரே. அதை அவங்ககிட்டயே போய் நான் எப்படிச் சொல்றது? கிளம்பு."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டீனகே வீட்டுக்குப் போகும் வழியில், கடையில் மிஞ்சியிருந்த டூலிப் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். டீனகே கதவைத் திறந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் இன்னும் வட்டமாகவே கிடந்தன.

"ஓ! காய்ச்சல் இறங்கிடுச்சா?"

யுரே அம்மாவின் கன்னங்களில் மூன்று முத்தம் கொடுத்தான். "வாழ்த்துகள், அம்மா. மறந்துட்டேன்."

"நீ மறப்பேன்னு எனக்குத் தெரியும். பொறந்ததே ரெண்டு வாரம் தாமதமா." அவள் மிர்தேவின் பக்கம் திரும்பினாள். "நீ மறக்க மாட்டியேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். மிர்தே பூங்கொத்தைப் பிடித்தபடியே நின்று நடந்ததைச் சொன்னாள். டீனகே நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள்.

"அந்தப் பைத்தான் இல்லாம உன்னோடது ஓடாது. அப்படித்தானே?"

"ஆமா. எடுக்கப்போறோம்னு சொல்லிட்டுத்தான் எடுத்தாங்க. நான்தான் வீட்டுல மாத்தல."

"சரி, நின்னுபோனா நின்னுபோச்சுன்னு அது ஒரு வார்த்தை சொல்லாதா?"

"சொல்லாது. யாருக்கும் பிறந்தநாள் இல்லைன்னாலும் சும்மா இருக்கும். செத்துப்போனாலும் சும்மா இருக்கும்."

"யாரு அப்படி எழுதினது?"

"நான்தான்."

டீனகே சமையலறைக்குப் போய்க் காபியோடு வந்தாள். ஊற்றும்போது அவர்களைப் பார்க்காமலேயே பேசினாள்.

"மூணு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு தடவை போனைக் கையில எடுத்தேன். கேட்டு வரவழைக்கிறதான்னு திரும்ப வச்சுட்டேன். இந்தப் பெப் வேற, 'உன் பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே'ன்னு."

"உன்னையும் அந்த நிரலையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கணும், அம்மா" என்றான் யுரே.

"நீ வாயை மூடிக்கிட்டுக் காபியைக் குடி."

மிர்தே மெதுவாகக் கேட்டாள். "அதுக்குக் காய்ச்சல்னு ஏன் சொன்னீங்க, டீனகே?"

"வேற என்ன சொல்றது? என் மருமக என்னை மறந்துட்டான்னா? அதுவும் பெப்கிட்டயா? நாளைக்குச் சந்தைக்கே தெரிஞ்சிடாது?"

மிர்தே டூலிப் கொத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். டீனகே அதைப் பிடுங்கிக் கூஜாவில் வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து மூடிபோட்ட தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே இரண்டு துண்டு ஆப்பிள் கேக் இருந்தது.

"நேத்தே எடுத்து வச்சது. ஓரம் காஞ்சிருக்கும். அது உங்களுக்குத் தண்டனை."

கிளம்பும்போது வாசலில் மிர்தேவின் கழுத்தில் தன் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டாள். "இன்னொண்ணு. அந்த நிரல்கிட்ட தினமும் ஒரு வார்த்தை பேசச் சொல்லு. விஷயம் இருக்கோ இல்லையோ."

சனிக்கிழமை மிர்தே புதிய பைத்தானை ஏற்றி நிரலைத் திருத்தி எழுதினாள். மூன்றாவதாக ஒரு போன் எண்ணையும் சேர்த்தாள். அவள் அதில் மூழ்கியிருக்க, யுரே இழுப்பறையிலிருந்து நாள்காட்டியை எடுத்துக் கழிவறைக் கதவில் ஆணி அடித்து மாட்டினான். வண்ணம் இரண்டு இடத்தில் பெயர்ந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படுக்கையின் இரண்டு பக்கத்திலும் போன் ஒலித்தது. 'இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை.'

யுரே தலையணைக்குள் முனகினான். "ஞாயித்துக்கிழமை கூடவா?"

அதற்குள் மிர்தேவின் போன் மறுபடி ஒலித்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டீனகே. 'நல்லது. எனக்கு ராத்திரி பூரா முதுகு வலி. என் கம்பளித் துண்டு எப்போ திரும்பி வரும்?'