எடை ஏறினால் உட்காரும்

மேட்டுப் பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சவ வண்டிக்காரர், செருப்புச் சேற்றை வாசற்படி விளிம்பில் தேய்த்துக்கொண்டே கையை விரித்துவிட்டார்.

“என் வண்டி ஏறாதுங்க. ராத்திரி பெஞ்ச மழையில பாதை பூராவும் பள்ளம். பாதியில மாட்டிக்கிட்டா முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. பெட்டியை வச்சுக்கிட்டு நடுவழியில நின்னா நல்லாவா இருக்கும்?”

உள்ளே பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தையலக்காவுக்கு எல்லாம் கேட்டது. முன்னறையில் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்ததில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெயரோடு முதுகுவலியும் ஒட்டிக்கொண்டது. இப்போதும் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் இருந்தவர் அவள் வீட்டுக்காரர். நில அளவைத் துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்வே டிரைவர் என்பதை ஊர் சுருக்கி ‘சர்வே’ ஆக்கிவிட்டது. நாளடைவில் ஆட்கள் அவரிடமே வந்து நிலத்தை அளந்து தரச் சொன்னார்கள். அவரும் மறுத்ததில்லை. போய் நின்று, இரண்டு பக்கத்துக்கும் சண்டை மூளாமல் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வருவார்.

மகள் வந்து காதருகே குனிந்தாள். வெளியூரிலிருந்து நேற்று மாலைதான் வந்து சேர்ந்தவள்.

“அம்மா, கீழ இருக்கிற புது இடுகாட்டுல கேட்டுப் பாக்கட்டுமா?”

“மேல பழைய இடுகாட்டுல குழி வெட்டியாச்சு. அவங்கப்பா அம்மா பக்கத்துல இடம் சொல்லி வச்சிருந்தவரு.”

“எப்படிம்மா கொண்டு போறது? அந்தச் சேத்துல தோள்ல தூக்கிட்டு ஏற முடியுமா?”

வாசலில் நின்ற எல்லோருடைய கண்ணும் வீட்டின் பக்கவாட்டில் நின்ற ஜீப்பின் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. உள்ளே சாமான்கள் இருந்தும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கை மண்ணில் குத்துவதுபோல நின்றது அது. அந்தப் பாதையில் ஏறக்கூடிய வண்டி தெருவில் அது ஒன்றுதான். அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஏனென்றால் மூன்று நாளைக்கு முன் தையலக்கா நடுத்தெருவில் நின்று, “செத்தாலும் இந்த வண்டியில ஏற மாட்டேன்” என்று சொன்னதைத் தெருவே கேட்டிருந்தது.

துறை கழித்துக் கட்டிய ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்த நாளிலிருந்தே அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மலைக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது, சர்வே ஆட்களோடு போனபோது பார்த்தது, காலையில் பறவைகள் வந்து இறங்கினால் தண்ணீரே தெரியாது, அதை நீ பார்க்கணும் என்பார். “என் முதுகு?” என்பாள் இவள். அதற்காக வண்டிக்குள் பலகைக் கட்டில் போட்டார். படுத்துக்கொண்டே வரலாமாம். முணுமுணுத்துக்கொண்டே இவளும் மெத்தைக்கு உறை தைத்துக் கொடுத்தாள். அப்புறம் அடுப்பு வந்தது, தண்ணீர்க் கேன்கள் வந்தன, கூரைமேல் கூடாரம் வந்தது. எடை ஏற ஏறப் பின்பக்கம் சரிந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவயிறு இடித்தது. பழைய ஸ்பிரிங்குக்கு அவ்வளவு தெம்பு இல்லை. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டார். கனமான பட்டைகள் அடுக்கிய புது ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், எல்லாம் மாட்டி எடுத்து வந்தார்.

எடுத்து வந்தவர் சாமான்களை ஏற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அதுதான் இல்லை. மனிதர் அவசரக் குடுக்கை. வண்டி வந்து நின்ற கையோடு, “வா வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம், பஞ்சு மாதிரி இருக்கும் பாரு” என்று தையலில் இருந்தவளை இழுத்துக்கொண்டு போனார். காலி வண்டி. தெருமுனைப் பள்ளத்தில் அது தூக்கிப் போட்ட போட்டில் அவளுக்கு இடுப்பிலிருந்து கழுத்துவரை மின்னல் வெட்டியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் வண்டியைப் பக்கத்திலேயே ஊர விட்டுக்கொண்டு வந்தார்.

“காலியா இருக்குடி, அதான். எடை ஏறினா உக்காரும்.”

“உக்காரும்! நீங்க என்னைக்காவது ஒரு இடத்துல உக்காந்திருக்கீங்களா, உங்க வண்டி உக்கார?”

அப்போதுதான் அந்தச் சொல்லையும் சொன்னாள். அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

நேற்றுக் காலை அவர் சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். இவள் மெஷினில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூடாரத்தை ஏற்றினார். அடுப்பை ஏற்றினார். கேன்களில் தண்ணீர் பிடித்துச் சுமந்து சென்று வைத்தார். யாருக்கு நிரூபிக்க இந்தப் பாடு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இத்தனை வயதுக்கு மேல் இவ்வளவு கனம் தூக்குகிறாரே, நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று அடுத்த கணம் நினைத்தாள். கடைசிக் கேன் குழாயடியில் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. வழிந்துகொண்டே இருந்தது.

“தண்ணி வழியுது. காது என்ன செவிடா?”

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. எழுந்து போய்ப் பார்த்தபோது அவர் குழாய்க்குப் பக்கத்துப் படியில், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுவலி வந்ததாக டாக்டர் சொன்னார். ‘நெஞ்சு’ என்று டாக்டர் சொன்னது அவளுக்கு ‘உன் வாய்’ என்று கேட்டது. இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

“அக்கா.”

நிமிர்ந்தாள். மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். பட்டை ஸ்பிரிங் வேலையில் கைதேர்ந்தவர் என்பதால் ‘பட்டை’ என்றே எல்லோருக்கும் அவரைத் தெரியும். சர்வேயோடு சேர்ந்து ஊர் சுற்றிய ஆள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் கேக்கறது தப்புன்னா திட்டுங்க. நம்ம வண்டியில கொண்டு போயிடலாம். நான் ஓட்டறேன். கட்டில் பலகைமேல பெட்டி சரியா நிக்கும்.”

வாசலில் பேச்சு நின்றது. தையலக்கா பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

“சரி” என்றாள்.

ஆட்கள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து அடுப்பையும் கேன்களையும் இறக்கப் போனார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல்வரை வந்தாள்.

“எதையும் இறக்க வேண்டாம். மெத்தையை மட்டும் எடுங்க.”

“இடைஞ்சலா இருக்கும்மா” என்றாள் மகள்.

“ஓரமா நகத்திக்கலாம். குழாயடியில ஒரு கேன் நிக்குது பாரு, நிறைஞ்சது. அதையும் ஏத்தச் சொல்லு.”

மகள் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்திருக்கலாம். பட்டை மட்டும் ஒன்றும் கேட்காமல் போய், நேற்றிலிருந்து யாரும் தொடாமல் நின்ற அந்தக் கேனைத் தூக்கி வந்து, மற்றவற்றோடு வைத்தார். பிறகு பெட்டி ஏறியது. தூக்கிப் போகிற ஆட்கள் நான்கு பேர் ஏறினார்கள். மகள் முன்னால் ஏறிக்கொண்டாள். பின்பக்கச் சிறு இருக்கையில், டிரைவருக்கு நேர் பின்னால், தையலக்காவை இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். சொன்ன சொல் அவளுக்கு நினைவிருந்தது. தெருவுக்கும் நினைவிருந்தது. யாரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

தெருமுனைப் பள்ளம் வந்தபோது அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வண்டி இறங்கியது, அமுங்கியது, எழுந்தது. அவ்வளவுதான். முதுகு காத்திருந்தது. வலி வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது பள்ளம் பின்னால் போய்விட்டிருந்தது.

மேட்டுப் பாதையில் சேறும் கல்லுமாக இருந்தது. சவ வண்டிக்காரர் சொன்னது பொய்யில்லை. பட்டை முதல் கியரில் ஊர்ந்தார். ஒரு சக்கரம் குழிக்குள் போகும், மற்றது கல்லில் ஏறும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிதானமாக நிமிரும். பெட்டி பலகையைவிட்டு நகரவில்லை. கேன்களில் தண்ணீர் தளும்புவது மட்டும் கேட்டது.

“உக்காந்திடுச்சு அக்கா” என்றார் பட்டை, திரும்பாமல். “அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேன், எடையை ஏத்திட்டுக் கூட்டிட்டுப் போங்கன்னு. கேட்டாத்தானே.”

அவள் தளும்புகிற கேன்களைப் பார்த்தாள்.

“பட்டை அடுக்கறதுக்கு முன்னாடி, வண்டியில எப்பவும் என்ன எடை இருக்கும், ஒண்ணொண்ணா சொல்லுங்கன்னேன். தண்ணி, கட்டில், அடுப்பு எல்லாம் சொன்னாரு. எங்க வீட்டம்மான்னாரு. கடைசியா தையல் மெஷின்னாரு.”

“மெஷினா?”

“ஆமா. அதை எதுக்குண்ணே மலைக்குன்னு சிரிச்சேன். ‘அது இல்லாட்டி அவ ரெண்டாம் நாளே வீட்டுக்குப் போகணும்பா. ஏரிக்கரையில உக்காந்து தைக்கட்டும்’னாரு. அந்தப் பலகையில ஓரமா ஓட்டை போட்டிருக்கு பாருங்க, மெஷினை போல்ட் போட்டு முடுக்கறதுக்குத்தான்.”

தையலக்கா குனிந்து பார்த்தாள். பெட்டியின் கால்மாட்டுக்கு அப்பால் பலகையில் ஓட்டைகள் இருந்தன. உறைக்கு அளவெடுத்த அன்றே அவற்றைப் பார்த்திருக்கிறாள். பலகையை வீணாக்கி வைத்திருக்கிறாரே என்று திட்டவும் செய்திருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எல்லாவற்றுக்கும் வாய் ஓயாத மனிதர், அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, வண்டி ஆடுகிற ஆட்டத்துக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு அழுதாள். முதுகில் மட்டும் ஒரு வலியும் இல்லை. அதை நினைத்தால் இன்னும் அழுகை வந்தது.

மேலே வண்டி நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். அவள் இறங்கிப் பின்சக்கரத்தின் மட்கார்டில் கையை ஊன்றி நின்றாள். நான்கு பேரும் பெட்டியைப் பலகையிலிருந்து இழுத்துத் தோளுக்கு ஏற்றியபோது, அவள் கைக்கடியில் தகரம் மெல்ல மேலே வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அது எழும்பி நிற்கும்வரை வைத்திருந்தாள். பிறகு அவர்கள் பின்னால் நடந்தாள்.

எல்லாம் முடிந்ததும் சேற்றுக் கையையும் மண்வெட்டிகளையும் கழுவக் கேன் தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோனது. குழி வெட்டியவர்களோடு இருந்து மண்ணைச் சரிசெய்துவிட்டு வருவதாகப் பட்டை சொன்னார். மற்றவர்கள் நடந்து இறங்கினார்கள். மகள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான்.

“காலி வண்டிம்மா. தூக்கிப் போடும். நீ மெதுவா நடந்து வர்றியா?”

“இதுலயே வர்றேன்.”

முதல் கல்லிலேயே ஜீப் துள்ளியது. வெற்றுக் கேன்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“என்னம்மா ஸ்பிரிங் மாட்டியிருக்காரு இந்த அப்பா” என்று மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். “உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“காலியா இருக்குல்ல, அதான்” என்றாள் தையலக்கா. “ஸ்பிரிங்கைக் குறை சொல்லாத.”

வீட்டு வாசலில் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு மகள் அம்மாவை உள்ளே கூட்டிப் போகக் கை நீட்டினாள். தையலக்கா அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள். ஆனால் உள்ளே போகவில்லை. பின்கதவைத் திறந்து ஒரு கேனை இழுத்து எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

“இப்ப எதுக்கும்மா தண்ணி?”

“வண்டிக்கு.”

கேனைக் குழாய்க்கு நேராக வைத்துத் திறந்துவிட்டு, பக்கத்துப் படியில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் வெறுமையாகக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, அடங்கி, கேனின் கழுத்துக்கு வந்தது. வழிவதற்கு முன் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.