டெக்லன் சாரின் கோட்டு

"அப்பா, நாளைக்கு கிளாஸ்ல அந்த நாடகத்தோட கடைசிக் காட்சியை நீங்க வாசிக்காதீங்க. டேப்பைப் போட்டுடுங்க."

"ஏம்மா? நல்லா இல்லையா?"

"பசங்க சிரிக்கிறாங்க. நீங்க கோட்டைச் சுருட்டி, செத்த மகள் மாதிரி கையில ஏந்திக்கிட்டு அழறதை வராண்டாவுல நடிச்சுக் காட்டறாங்க. எனக்கு மானம் போகுது."

"சரிம்மா," என்றார் டெக்லன். அவ்வளவுதான்.

நுவாலாவுக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் வகுப்பிலேயே மூன்றாவது பெஞ்சு. இருபத்திரண்டு வருஷம் கழித்து இன்று, மேயோ மாவட்டத்தில் அதே வீட்டுச் சமையலறையில், துக்கத்துக்கு வந்தவர்களுக்காக ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பா, விரல்களில் ஜெபமாலை சுற்றியபடி சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

அப்பாவின் இந்த வருஷத்து மாணவி ஓர்லா, சீருடையோடு வந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு மார்ட்டின் இன்னொரு டீ கேக்கறார்க்கா. ஆறாவது! சாவு வீட்டுல மட்டும் எப்படித்தான் இப்படித் தாகம் எடுக்குமோ?"

நுவாலா சிரித்தாள். "சார் கிளாஸ் எப்படி இருக்கும்?"

"செமையா இருக்கும். கொலைகாரனுக்கு ஒரு குரல், கோமாளிக்கு ஒரு குரல். ஆனா கிழட்டு ராஜா செத்த மகளைத் தூக்கிட்டு வர்ற கடைசிக் காட்சியை மட்டும் வாசிக்க மாட்டார். அந்தப் பழைய டேப்பைப் போட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார். ஏன் சார்னு கேட்டோம். எனக்கு அது நல்லா வராதும்மான்னார்."

கத்தி ரொட்டியைக் கிழித்துக்கொண்டு போனது.

அந்த ஒரு நாளுக்காகத்தான் கேட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டப்ளினிலிருந்து வரும்போது, மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். வாய் வராது. அவர் எப்போதோ மறந்திருப்பார் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு டப்ளின் திரும்புவாள்.

அடக்கப் பொறுப்பைக் கவனிக்கும் மலாக்கி கதவருகே வந்து நின்றார். "கோயிலுக்கு நேரமாச்சும்மா. பெட்டியை மூடலாமா?"

"ஒரு நிமிஷம்."

வாசற்கதவுக்குப் பின்னால் அப்பாவின் கம்பளிக் கோட்டு தொங்கியது. பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ் துண்டு. எடுத்துச் சுருட்டினாள். முன்னறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் கோப்பையைக் கீழே வைத்தார். ஜெபமாலை கலையாமல், கோட்டை அப்பாவின் கைகள்மேல் குறுக்காகக் கிடத்தினாள்.

பிறகு, அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அப்பா, அதை நீங்களே வாசிங்கப்பா."