சாட்டேக்கிக்கு அழுகை வரவில்லை

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் தியானப் பேச்சுக்கென்று சாட்டேக்கிக்குக் கொடுத்தது பத்து நிமிடம். இருபத்தைந்து நிமிடம் ஆகியும் அவர் இன்னும் இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டத்திலேயே உலாவிக்கொண்டிருந்தார்.

தென்கடல் நடுவே இருக்கும் எங்கள் வவாவுத் தீவின் கிழக்குக் கரையில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பாடகர் குழு மட்டும் நின்றது. அதன் தலைவி கலோலைன் தானே இயற்றிய கீதம் ஒன்றை மூன்று மாதம் பழக்கியிருந்தாள். பவளத்திட்டுக்கு மேலே சூரியன் தலைகாட்டும்போது தொடங்கி, அது முழுசாக எழும்போது முடிய வேண்டும் என்பது கணக்கு. நடுவில் ஒரு தனிக்குரல் வரும். அந்த உயரத்துக்கு ஏறும் ஒரே தொண்டை அவள் அக்கா மகன் ஃபெலெட்டியுடையது. அவனோ செவ்வாய்க்கிழமை ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறான். இன்று விட்டால் அடுத்த ஈஸ்டர், அதுவும் அவன் திரும்பி வந்தால்.

எங்கள் ஊரில் பேசுகிறவரை இடையில் நிறுத்த ஒரே வழிதான் உண்டு. அவர் கண் கலங்கினால் அவரைத் தாங்கிப்பிடிக்க யார் வேண்டுமானாலும் ஒரு பாட்டை எடுக்கலாம். கலங்காதவரின் பேச்சில் குறுக்கே பாடினால் ஒரு வருஷத்துக்கு வாயில் போட்டு மெல்லுவார்கள். சாட்டேக்கி சாதாரணமாக மூன்றாவது நிமிடத்திலேயே அழுதுவிடுகிற மனிதர். கல்யாணத்தில் அழுவார், படகுக்குப் பெயர் வைத்தாலும் அழுவார். இன்று பார்த்துக் கண்கள் கருவாடாகக் காய்ந்து கிடந்தன.

"சித்தி, மனுஷன் அழுற வழியக் காணோமே," என்று ஃபெலெட்டி முணுமுணுத்தான்.

"நீ தொண்டைய நனைச்சு வச்சுக்கோ."

"எத்தன தடவ? வயிறு தண்ணிக்குடம் மாதிரி குலுங்குது."

பின்வரிசையிலிருந்து லூப்பே எட்டிப்பார்த்தாள். "யாராச்சும் அவரு கால மிதிங்களேன்டி."

"மிதிச்சா அந்த வலியப் பத்தி இன்னொரு பத்து நிமிஷம் பேசுவாரு. சும்மா இரு!" என்றாள் கலோலைன்.

கடலின் விளிம்பு சிவந்து, சூரியனின் நெற்றி தெரிந்தது. கடைசி விலையைச் சொல்வதற்குள் படியிறங்கிவிடும் வாடிக்கைக்காரரைப் பார்ப்பதுபோலக் கலோலைன் அதைப் பார்த்தாள். சாட்டேக்கி தோட்டத்தின் ஒலிவ மரங்களை ஒவ்வொன்றாக வருணிக்கத் தொடங்கினார்.

கலோலைன் பல்லைக் கடித்தாள். அவரை அழவைக்க அவள் கையில் ஒரு சரக்கு இருந்தது, மட்டமான சரக்கு என்று அவளுக்கே தெரியும். சாட்டேக்கியின் மனைவி ஆனா செய்னி இரண்டு வருஷம் முன்பு இறந்துபோனவள். இதே குழுவின் முன்வரிசையில் பாடியவள்.

பேச்சை ரசித்து "மாலியே!" என்று கத்துவதை எங்களில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கலோலைன் கத்தினாள்: "மாலியே! நம்ம ஆனா செய்னி உயிரோட இருந்தா இந்நேரம் இங்க நின்னிருப்பாய்யா!"

சாட்டேக்கி பேச்சை நிறுத்தினார். முன்வரிசையைப் பார்த்தார்.

"நின்னிருப்பா," என்றார். "என்னை உக்காரச் சொல்லிருப்பா."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது, ஆராதனைக்கென்று இடுப்பில் சுற்றிக்கட்டியிருந்த பாயின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

கலோலைனின் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு உயர்ந்தது.

ஆண்களின் அடிக்குரல் மணலுக்குள்ளிருந்து வருவதுபோல எழுந்தது. அதன் மேல் பெண்கள் ஏறினார்கள். அதற்கும் மேலே ஃபெலெட்டி தனியாகப் போனான், ஒரு பிசிறு இல்லை. குழந்தைகள்கூட வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சுரம் அடங்கியபோது சூரியன் கடலை விட்டு முழுசாக விலகியிருந்தது.

சாட்டேக்கி மூக்கைச் சிந்தினார். "ரொம்ப நன்றி கலோலைன். இந்தப் பாட்டு என்னைத் தூக்கி நிறுத்திடுச்சு. இப்போ ரெண்டாவது விஷயத்துக்கு வர்றேன்."

போதகர் குனிந்தபடி கலோலைனிடம் வந்தார். "நல்ல நேரத்துல அவரத் தாங்குனீங்கம்மா. நிகழ்ச்சி நிரல்ல இருக்கிற உங்க கீதத்த இவரு முடிச்சதும் வச்சுக்கலாம்."

"அதுதாங்கய்யா இது!"

"இதுவா?" போதகர் தாளைப் புரட்டினார். "அழுகைக்கு எடுத்த பாட்டுன்னுல்ல எல்லாரும் நெனச்சோம். அப்போ இன்னொரு தடவ பாடிடுங்க."

"பாடுறோம்," என்றாள் கலோலைன். "மொதல்ல அந்தச் சூரியனக் கீழ எறங்கி வரச் சொல்லுங்க."