முப்பத்தேழு ஆட்டங்கள்

“ஓகிசோவை விழச் சொன்னது நீங்கதானே? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தலைவரே.”

இந்தக் கேள்வியை ஜிம்முக்குள் கேட்கவே கூடாது என்று எனக்குப் பத்து வயதானபோதே அம்மா சொல்லியிருந்தாள். யாருடைய ஆட்டத்தைப் பற்றியும் கேட்கக் கூடாது, அப்பாவுடையதைப் பற்றி அறவே கூடாது. அது நிஜ ஆட்டமா, பேசி வைத்ததா என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் எந்தச் சண்டைக்காரனும் நம் வீட்டுப் படி ஏறமாட்டான் என்பாள். நான் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம், பயிற்சிக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால்.

ஜிம் தலைவர் ஷிராகி தரை விரிப்புகளுக்கு மாப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. சனிக்கிழமை மாப்பை மட்டும் அவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

“காலை எடு. ஈரம்” என்றார்.

நான் எடுக்கவில்லை.

என் அப்பா கென்சாகு முரோட்டா பதினான்கு வருடம் இந்த ஜிம்மின் பெயரில் சண்டை போட்டவர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரண்டு மூட்டைப் பூட்டலாம், எல்லாம் கலந்த ஆட்டம். மொத்தம் முப்பத்தெட்டு. பத்தொன்பது வெற்றி, பதினெட்டுத் தோல்வி, ஒன்று சமம். நாற்பது வயதில் விட்டார். எங்கள் ஊரில் ஒருவன் ஆட்டத்தை விடும்போது அவனைக் கோட்டு சூட்டோடு மேடை விளக்கின் கீழே நிறுத்தி, அவன் வரலாற்றை மைக்கில் வாசிப்பார்கள். பழைய எதிராளிகள் ஏறி வந்து பூச்செண்டு கொடுப்பார்கள். பிறகு மணியைப் பத்து முறை அடிப்பார்கள். அப்பா விட்ட வருடம் ஆட்டம் நடத்துகிற கம்பெனியே மூடிக் கிடந்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு போன் கால்தான். மறுநாள் சாரம் கட்டும் வேலைக்குப் போய்விட்டார். இன்றும் அதே வேலை.

பதினோரு வருடம் கழித்து, தலைவர் அக்கம்பக்கத்து ஜிம்களைச் சேர்த்துக்கொண்டு அமகசாக்கி நகர விளையாட்டுக் கூடத்தில் அந்த விழாவை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்தார். வரலாற்றை எழுதுகிற வேலை எனக்கு. ஜிம்மைச் சேர்ந்த குடும்பங்களிலேயே பல்கலைக்கழகத்தை முடித்தது நான் ஒருத்திதான். எழுத்துவேலை எதுவானாலும் என் தலையில்தான் வந்து விழும்.

அந்த வரலாற்றில் நடுநாயகமான வரி ஒன்று உண்டு. அப்பாவின் ஏழாவது ஆட்டம். டிவியில் வந்த முதல் ஆட்டமும் அதுதான். அவரைவிடப் பெரிய பெயர் வாங்கியிருந்த ஓகிசோவை நாற்பத்தேழு விநாடியில் கைப்பூட்டுப் போட்டுத் தோற்கடித்தார். அதற்குப் பிறகுதான் மூன்று வருட ஒப்பந்தம் வந்தது, வீடு வந்தது. அப்போது எனக்கு ஆறு மாதம்.

செவ்வாய்க்கிழமை அந்த ஓகிசோ நகராட்சி அலுவலகத்தில் என் ஜன்னலுக்கு வந்தார். நான் அங்கே ஒப்பந்த ஊழியர். அவருடைய அம்மாவுக்கு முதியோர் பராமரிப்பு உதவிக்கான விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். வலது கை முழங்கையில் நிமிரவில்லை. தாளை ஜன்னலுக்குள் நீட்ட உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. என் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார்.

“முரோட்டாவா? கென்சாகு பொண்ணா நீ? அதானே பாத்தேன். அதே முறைக்கிற கண்ணு.”

“ஞாயித்துக்கிழமை பூ குடுக்க வர்றீங்கல்ல?”

“வரல. நேர்ல பாத்ததால சொல்றேன். என் மகனும் இப்ப சண்டை பழகுறான். அங்க பசங்க அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல. ‘நாப்பத்தேழு’ன்னுதான் கூப்பிடுறாங்க. மேடையில மைக்கைப் பிடிச்சவன் அதை இழுத்து இழுத்துச் சொல்வான். என் பையன் கீழ நின்னு கேட்டுட்டிருக்கணும்.”

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. “தோத்தது தோத்ததுதானே” என்றேன்.

“தோத்திருந்தா சரிதான்மா” என்றார்.

வரிசையில் அடுத்து நின்ற அம்மாள் இருமினாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தலைவர்தான் அந்தக் கம்பெனிக்கு ஆட்டங்களைப் பொருத்திக் கொடுத்தவர். விழும்படி ஓகிசோவிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை. சண்டைக்காரர்கள் இதை ஒரு பக்க ஏற்பாடு என்பார்கள். ஒருவன் நிஜமாக மோதுவான், மற்றவன் விழுவான், பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது.

“உங்கப்பாவுக்குத் தெரியாது. இனிமேலும் தெரிய வேணாம். ஏற்பாடுன்னு வெளிய வந்தா என் பேரு இன்னும் கெட்டுடும். தோத்தவன்கூட மனுஷன்தான், விலை போனவன் மனுஷனே இல்லம்பாங்க. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடு. வந்து பூ குடுத்துட்டுப் போறேன்.”

பார்க்கிறேன் என்றேன். விண்ணப்பத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ஈரத் தரையில் நின்று தலைவரிடம் நான் கேட்டது இதைத்தான். அவர் மாப்பைச் சுவரில் சாய்த்தார்.

“ஆமா. நான்தான் சொன்னேன். டிவிக்காரன் வந்திருக்கான். உள்ளூர்ப் பையன் ஜெயிச்சாத்தான் அடுத்த தடவை வருவேங்கிறான். அடுத்தது உனக்குன்னு ஓகிசோகிட்ட சொன்னேன். அடுத்தது வர்றதுக்குள்ள அவனுக்குக் கை போச்சு, அப்புறம் கம்பெனியும் போச்சு.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

“உங்கப்பனா? அவனுக்கு நடிக்க வருமா? அவன் கல்யாண போட்டோவைப் பாத்திருக்கல்ல? திருட்டுக் கேசுல மாட்டினவன் மாதிரி நிப்பான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். “அந்த வரியை நான் எழுத மாட்டேன்” என்றேன்.

“போஸ்டரைப் பாத்தியா? ‘நாற்பத்தேழு விநாடி முரோட்டா’ன்னு அடிச்சு ஊரெல்லாம் ஒட்டியாச்சு. அதை எடுத்துட்டா உங்கப்பன் வாழ்க்கையில மிச்சம் என்ன? பதினெட்டுத் தோல்வியா? நீ குடியிருக்கிற வீடு, நீ படிச்ச படிப்பு, எல்லாம் எதுலருந்து வந்துதுன்னு நினைக்கிற? படிச்சுட்டா நியாயம் பேச வந்துடுறாங்க.”

“அந்த வீட்டுல இருந்ததாலதான் கேக்குறேன்.”

“அப்ப உங்கப்பன்கிட்ட போய்ச் சொல்லு. தைரியம் இருந்தா சொல்லேன் பாப்போம்.”

அன்று நான் சொல்லவில்லை. வீட்டில் அப்பா அம்மாவை உட்காரவைத்து மேடையில் நடப்பது எப்படி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரலாற்றைத் தட்டச்சு செய்து ஒரு பிரதி எடுத்தேன். அந்த வரியும் அதில் இருந்தது. விரல் தன்னால் அடித்துவிட்டது என்று சொன்னால் பொய். அடித்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு விளையாட்டுக் கூடத்து வாசலில் ஓகிசோ நின்றார். கையில் பூச்செண்டு, பக்கத்தில் மகன். தன் தகப்பனைவிட உயரமான பையன். பள்ளி மாணவனைப் போல என்னைப் பார்த்துக் குனிந்தான்.

“எடுத்துட்டியா?” என்றார் ஓகிசோ.

“எடுத்துட்டேன்” என்றேன்.

தாள் என் பையில் இருந்தது. வரியும் அதில் அப்படியே இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. ஒப்பனை அறைக்கு நான் போனது அப்பாவிடம் கேட்பதற்கு இல்லை, சொல்வதற்கு.

உண்மையில் அது பந்துகளும் வலைகளும் வைக்கிற சாமான் அறை. என் பட்டமளிப்புக்கு வாங்கிய சூட்டைப் போட்டுக்கொண்டு அப்பா கண்ணாடி முன்னால் டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் உடைந்து கோணலாகச் சேர்ந்தவை. முடிச்சு விழவில்லை.

“வா ரிட்சு, இதைக் கட்டிவிடு. முப்பது பேர் கழுத்தை நெரிச்சிருக்கேன், என் கழுத்தை நெரிச்சுக்கத் தெரியல.”

கட்டிவிட்டேன். கட்டிக்கொண்டே சொன்னேன். செவ்வாய்க்கிழமை, ஓகிசோ, தலைவர், ஒரு பக்க ஏற்பாடு, எல்லாவற்றையும். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“தெரியும்” என்றார்.

“எப்பலருந்து?”

“முப்பதாவது விநாடிலருந்து.” பந்துக் கூடை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார். “கைப்பூட்டு விழப்போகுதுன்னா முதல் நாள் வந்தவன்கூட ரெண்டு கையையும் கோத்துக்குவான். அதைப் பிரிக்கத்தான் பெரும்பாடு. அவன் கோக்கல. ஊசி போட்டுக்கிறவன் மாதிரி கையை எனக்கு நீட்டினான்.”

“விட்டிருக்கலாமே.”

“விட்டிருக்கலாம். கோவம் வந்துச்சு. எனக்குப் பிச்சை போடுறாங்களேன்னு. அவன் தரையைத் தட்டினான். தட்டினா தோல்வியை ஒத்துக்கிட்டான்னு அர்த்தம், உடனே விடணும். நான் ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் விட்டேன். சத்தம் கேட்டுச்சு.”

ஜன்னலுக்குள் தாளை நீட்ட முடியாமல் திரும்பிய அந்த உடம்பு என் கண் முன் வந்தது. அன்று அந்தக் கையைப் பற்றி ஓகிசோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரியை எடு என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவும் இல்லை.

“அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்கிறது? கேட்டா, தெரியும்னு ஆயிடும். தெரியும்னா அவன் விலை போனதும் வெளிய வந்துடும். அவன் எனக்காகப் பேசாம இருந்தான், நான் அவனுக்காகப் பேசாம இருந்தேன்.”

“உங்களுக்காகவும்தான்” என்றேன்.

“எனக்காகவும்தான்.”

“அந்த வரியை எடுக்கிறேன்பா. முப்பத்தேழு ஆட்டம். பதினெட்டு வெற்றி, பதினெட்டுத் தோல்வி, ஒண்ணு சமம். ஏன்னு எதுவும் எழுத மாட்டேன்.”

அப்பா விரல்விட்டு எண்ணுகிறவர் போலக் கையைப் பார்த்தார். “பத்தொம்பதுன்னா தோத்ததைவிட ஒண்ணு கூட” என்றார். “சாரத்து மேல நிக்கும்போது, புதுசா வர்ற பசங்க என்னண்ணே, ஜெயிச்சது அதிகமா தோத்தது அதிகமான்னு கேப்பாங்க. ஜெயிச்சதுதான்டாம்பேன். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு. நாளைலருந்து பதினெட்டுன்னு வெச்சுக்க. இன்னைக்கு ஒரு நாள் படிச்சிடட்டுமே.”

அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கண் அடியில் ஒன்பது தையல் போட்ட அன்றுகூட டாக்டரிடம் ஜோக் அடித்தவர். அதனாலேயே என் குரல் உயர்ந்தது.

“இன்னைக்குத்தான்பா அவர் மகன் வந்திருக்கான்.”

கதவு திறந்தது. தலைவர். வெள்ளைச் சட்டையில் பூக் குத்தியிருந்தார். “அறிவிப்பாளன் காத்துட்டிருக்கான். தாளைக் குடு.”

நான் பையைத் திறந்து தாளை எடுத்தேன். சுவரில் வைத்து அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். ஒன்றும் படிக்க முடியாதபடி, நன்றாக. முப்பத்தெட்டை முப்பத்தேழாக்கினேன், பத்தொன்பதைப் பதினெட்டாக்கினேன். எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

படித்ததும் அவர் காது சிவந்தது. “முரோட்டா, உன் மகளுக்குச் சொல்லு.”

அப்பா என் பக்கமும் பேசவில்லை, அவர் பக்கமும் பேசவில்லை. டை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டத்துல எண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பான்” என்றார் தலைவர். “ஒண்ணு எங்க போச்சும்பான்.”

“கேட்டா உங்ககிட்ட அனுப்புறேன்.”

“இதை அறிவிப்பாளன் படிக்க மாட்டான். நான் சொன்னா படிக்க மாட்டான்.”

“அவர் வேணாம். நானே படிக்கிறேன்.”

“மேடைக்கு ஒரு முறை இருக்கு பொண்ணே. குடும்பத்து ஆள் படிக்கிறதில்ல.”

“விழச் சொல்றதுக்கு மட்டும் முறை இருக்கா?”

அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அவர் கைக்குக் கீழே புகுந்து வெளியே வந்தேன். பின்னாலிருந்து அப்பா “ரிட்சு” என்று கூப்பிட்டார். நில் என்பதற்கா, போ என்பதற்கா, அந்தக் குரலில் தெரியவில்லை. நான் நிற்கவில்லை. நடைவழியின் கடைசியில் மேடை விளக்கைப் போட்டிருந்தார்கள். மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தவனிடம் போய்க் கையை நீட்டினேன்.