ரிப்பனில் கிடந்த முகங்கள்

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரே போட்டோ ஸ்டூடியோ. மேசைக்கு அந்தப் பக்கம் அவனுடைய மை பிரிண்டர், இந்தப் பக்கம், கலர் பூசிய ரிப்பனைச் சூடாக்கிப் படம் பதிக்கும் அவளுடைய ரிப்பன் பிரிண்டர். இருவரில் ஒருவர் தொலைய வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை. அம்மாவைத் தூதுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பக்கத்துப் பள்ளியின் ஐந்நூறு மாணவிகளின் படங்களுக்கு அந்தப் பள்ளித் தலைமையாசிரியை யாருடைய பிரிண்டைத் தேர்ந்தெடுக்கிறாரோ அவருக்கே கடை. மற்றவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மாதிரிக்கு நான்கு மாணவிகள் நிற்கும் ஒரே படம். தங்கை காலையிலேயே பிரிண்ட் போட்டு உறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

கடைக்கு வந்த தலைமையாசிரியை இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணனுடையது பளிச்சென்று இருந்தது. தங்கையுடையதில் பிள்ளைகள் நாலு நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி வெளிறிப்போயிருந்தார்கள்.

"மை பிரிண்டு ஈரம் பட்டா கலைஞ்சிடும். இது தண்ணியில போட்டாலும் கலையாதுங்க," என்றாள் தங்கை.

"கலையறதுக்கு முதல்ல கலர் இருக்கணுமேங்க," என்றான் அண்ணன், தலைமையாசிரியையைப் பார்த்து.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. இது அவள் போட்ட படமே இல்லை. மெஷினைத் திறந்து, ஓடி முடிந்த ரிப்பனை உருவி விளக்குக்கு நேரே பிடித்தாள். மையிலேயே காலம் தள்ளிய அண்ணனுக்கு ஒரு விஷயம் தெரியாது: அந்த மெஷினில் எதைப் போட்டாலும் அதன் உருவம் ரிப்பனில் தங்கிவிடும். நான்கு பிள்ளைகளும் அதில் இரண்டு முறை இருந்தார்கள், முதலில் அழுத்தமாக, அடுத்து மங்கலாக.

"நான் சாப்பிடப் போன நேரத்துல வெளுத்த படமா போட்டு மாத்தி வச்சிருக்கே. நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அவன் அவசரமாகத் தன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

தலைமையாசிரியை ரிப்பனை வாங்கி இழுத்தார். இழுக்க இழுக்க முகங்கள் வந்தன: ஒரு மணப்பெண், பாஸ்போர்ட்டுக்கு முறைத்த ஒருவர், ஒரு கைக்குழந்தை.

"தீர்ந்ததும் இதை என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போட்டுடுவோம்," என்றாள் தங்கை, ஜெயித்த மிதப்பில் யோசிக்காமல்.

"என் பிள்ளைங்க முகமெல்லாம் குப்பையிலயா?"

"இல்லைங்க, வெட்டிப் போட்டுடறேன்..."

"யாரு யாரை ஏமாத்தினீங்கங்கறது உங்க வீட்டுச் சண்டை. எனக்கு என் பிள்ளைங்கதான் முக்கியம்." அவர் அண்ணனிடம் திரும்பினார். "உங்க மெஷின்ல இப்படி ஏதாவது தங்குமா?"

"ஒண்ணுமே தங்காதுங்க."

தலைமையாசிரியை அண்ணன் பெயருக்கு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தங்கை தரையில் கிடந்த ரிப்பனைச் சுருட்டத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அண்ணன் அவளிடம் நேராகப் பேசினான்.

"மெஷின் கனமா இருக்கும். வாசல் வரைக்கும் நானும் ஒரு கை பிடிக்கிறேன்."